ஜாட் குகைக்கு க்ராஸ்போவா, ப்ளோபைப்பா?

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் கரம்ஜா எரிமலைக்கு அடியில் இருக்கும் ஃபைட் கேவ்ஸ் குகைக்கு ஐந்து தடவை போய்விட்டேன். அங்கே மிருகங்கள் வேவ் வேவாக, அதாவது அலை அலையாக வரும், கடைசி வேவில் வருவதுதான் ஜாட். மூன்று தடவை ரூன் க்ராஸ்போ என்ற குறுக்குவில்லோடு, மூன்றும் தோல்வி. பிறகு டாக்ஸிக் ப்ளோபைப், அதாவது சின்ன டார்ட்டுகளை ஊதி விடும் குழாய், வாங்கினேன். அதிலும் முதல் தடவை செத்தேன், இரண்டாவது தடவை, ஜாட்டைக் கொன்றால் கிடைக்கும் ஃபயர் கேப் தோளில் ஏறியது. நான் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

தெரிந்த விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். க்ராஸ்போவுக்கு ரேஞ்ச்ட் (தூரத்திலிருந்து எய்யும் திறமை) லெவல் 61 போதும், ப்ளோபைப்புக்கு 75 வேண்டும். க்ராஸ்போ மலிவு, ப்ளோபைப்புக்கு லட்சக்கணக்கில் நாணயம் சேர்க்க வேண்டும். குகைக்குள் செத்தால் பொருள் எதுவும் போகாது, ஆகவே விலை உயர்ந்ததை உள்ளே கொண்டுபோகப் பயப்பட வேண்டாம். வாளோடு போகலாமா என்றால், போகலாம், ஆனால் அது வேறு கதை.

விஷயம் இருப்பது பிரேயரில், அதாவது புள்ளிகளைச் செலவழித்து எதிரியின் ஒரு வகை அடியைத் தடுக்கும் வேண்டுதலில். என் பிரேயர் லெவல் 52. பிரேயர் போஷன் ஒரு டோஸ் குடித்தால் 7 புள்ளியும், அதோடு லெவலில் கால்வாசியும் சேரும். எனக்கு மொத்தம் 20 புள்ளி. பாதுகாப்புப் பிரேயர் ஒன்று போட்டிருந்தால் மூன்று வினாடிக்கு ஒரு புள்ளி கரைகிறது. ஆக ஒரு டோஸ் என்பது ஒரு நிமிடம், நாலு டோஸ் புட்டி நாலு நிமிடம். உடுப்பில் பிரேயர் போனஸ் இருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். குறி கூர்மைக்காக ஈகிள் ஐ என்ற பிரேயரையும் சேர்த்துப் போட்டால் அதுவும் பாதியாகிவிடும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு 31-வது வேவைப் பாருங்கள். அங்கேதான் கெட்-ஜெக் என்ற மிருகம் முதன்முதலில் வருகிறது. 360 லெவல், 160 உயிர், தூரத்திலிருந்தே மந்திரம் வீசும். அது சாகும்வரை பிரேயரை அணைக்கவே முடியாது. க்ராஸ்போவை ராபிட் என்ற வேக முறையில் வைத்தாலும் மூன்று வினாடிக்கு ஒரு அம்புதான். ப்ராட் போல்ட் என்ற அம்போடு என் அடி சராசரியாகப் பத்துப் பத்தாக விழும். ஒன்றுகூடத் தப்பாமல் பட்டாலே முக்கால் நிமிடம் ஆகிறது, தப்பியதையும் சேர்த்தால் ஒரு நிமிடம் தாண்டும். ஒரு மிருகத்துக்கு ஒரு டோஸ்! 62-வது வேவில் கெட்-ஜெக் இரண்டு சேர்ந்து வரும். இதற்கு நடுவில் ட்ஸ்-கிஹ் என்ற வௌவால் குட்டிகள் வேறு, கடிக்கிற ஒவ்வொரு தடவையும் பிரேயரை உறிஞ்சும். என் மூன்று க்ராஸ்போ பயணத்தில் இரண்டு, ஜாட்டின் முகத்தைப் பார்க்கும் முன்பே போஷன் தீர்ந்து முடிந்தவை.

ப்ளோபைப் 1.2 வினாடிக்கு ஒரு டார்ட் விடும். 2021-ல் அதன் பலத்தைக் குறைத்துவிட்டார்கள், ஒவ்வொரு அடியும் சின்னதுதான். ஆனால் அடை மழை மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். அதே கெட்-ஜெக்குக்கு அரை நிமிடம், கொஞ்சம் கூடுதல். கடைசி வேவுக்குப் போகும்போது என்னிடம் ஐந்து புட்டி மிச்சம் இருந்தது. அப்புறம் அதன் ஸ்பெஷல் தாக்குதல், கொடுத்த அடியில் பாதியை உயிராகத் திருப்பித் தரும். அதனால் உயிருக்காகச் சாப்பிடும் மீனும் மிச்சம்.

ஜாட் பாதி உயிருக்கு இறங்கியதும் நாலு ஹீலர் ஓடிவந்து அதற்கு வைத்தியம் பார்க்கும். ஒவ்வொன்றையும் ஒரு தடவை தட்டிவிட்டால் ஜாட்டை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பும். ஜாட் அடிப்பது 4.8 வினாடிக்கு ஒரு முறை. ப்ளோபைப்பில் நாலு டார்ட் விடவும் அதே 4.8 வினாடிதான், அதாவது ஜாட்டின் இரண்டு அடிக்கு நடுவில் வேலை முடிகிறது. க்ராஸ்போவில் 12 வினாடி. அதற்குள் ஜாட் இரண்டு தடவை அடித்துவிடும், அந்த இரண்டையும் கண் கொட்டாமல் பார்த்துப் பிரேயரை மாற்ற வேண்டும். முன்கால்களைத் தூக்கி அந்தரத்தில் நின்றால் மந்திரம், இரண்டு காலையும் தரையில் ஓங்கி அறைந்தால் ரேஞ்ச். தப்பாகப் போட்டால் 97 வரை விழும். மூன்றாவது பயணத்தில் நான் விழுந்தது இங்கேதான், ஹீலரைக் கிளிக் பண்ணும் அவசரத்தில் காலைக் கவனிக்கவில்லை. ப்ளோபைப்போடு முதல் தடவை செத்ததும் இதே தப்பால்தான், அதற்கு ஆயுதத்தைக் குறை சொல்ல முடியாது.

க்ராஸ்போவுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அது 7 கட்டம் எட்டும், ப்ளோபைப் 5 தான். இத்தாலி வரைபடம் மாதிரி இருக்கும் அந்தப் பாறைக்குப் பின்னால் யிட்-மெஜ்காட் என்ற, கிட்டே வந்து அடிக்கும் மிருகத்தைச் சிக்கவைத்து அடிக்கும்போது இரண்டு கட்டம் பெரிய வித்தியாசம். ப்ளோபைப்போடு கிட்டே போகப்போய் இரண்டு மூன்று தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். க்ராஸ்போவோடு ஜாட்டை முடித்தவர்களும் நிறையப் பேர் உண்டு. பிரேயர் லெவல் 70-க்கு மேல் இருப்பவருக்கு ஒரு டோஸிலேயே 24 புள்ளி கிடைக்கும். அவருக்கு என் கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ப்ளோபைப்பின் தீனி ஜுல்ரா என்ற பாம்பின் செதில். மூன்று டார்ட்டுக்குச் சராசரியாக இரண்டு செதில் போகும். விடாமல் 40 நிமிடம் அடித்தால் 2,000 டார்ட், ஏறத்தாழ 1,330 செதில். நான் 1,500 ஏற்றிக்கொண்டு போனேன். வெளியே வந்தபின் மிச்சச் செதிலையும் டார்ட்டையும் இறக்கிவிட்டால் காலிக் குழாயைக் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையில் விற்கலாம். விற்றுவிடத்தான் வாங்கினேன், இன்னும் விற்கவில்லை.