மூளையுள்ள யோயோவுடன் ஆறு வருடம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனாமல் தூக்குச்சட்டி வாங்கப் போனவன், பழம்பொருள் கடை ஒன்றில் தேக்குப் பெட்டிக்குள் கிடந்த யோமேகா பிரைன் (மூளை) என்ற யோயோவை எடுத்துக்கொண்டு வந்தேன். 400 ரூபாய். உள்ளே இருக்கும் பொறி வெளியே தெரியும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடம்பு. வாங்க வைத்ததே அதுதான்.

சாதாரண யோயோ கீழே சுழன்றுகொண்டிருந்தால் மணிக்கட்டைச் சுண்டித்தான் மேலே வரவழைக்க வேண்டும். இதற்கு அது வேண்டாம். அச்சைக் கவ்வியபடி ஸ்பிரிங் வைத்த இரண்டு கரங்கள், முனைகளில் எடை. வேகமாகச் சுழலும்போது எடை வெளியே ஒதுங்கிக் கரங்கள் விரியும். நூல் மாட்டிய அச்சு நிற்க, உடம்பு மட்டும் சுழலும். வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் கரங்களை உள்ளே தள்ளும், அவை அச்சைக் கவ்வும், நூல் சுற்றிக்கொண்டு கைக்கு ஏறிவிடும். டிவிஎஸ் எக்ஸ்எல் கிளட்ச்சும் இதே சூத்திரம்தான், ஆனால் தலைகீழ்: அங்கே வேகம் கூடினால் பிடிக்கும், இங்கே விடும். அமெரிக்கரான மைக்கேல் கேஃப்ரியின் யோசனை இது. 1997இல் ஜப்பானில் பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் கிளப்பிய ஹைப்பர் யோயோ மோகத்தில் இதுவும் இருந்தது.

முதல் வாரமே பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டதாக நினைப்பு. வளவுத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "அதுவா வருதா, நீ கூப்பிட்டு வருதா?" என்று கேட்டார். சரியான கேள்வி. நூலை முக்கோணமாக விரித்துத் தொட்டில் ஆட்டும் வித்தைக்குப் போனால், கொஞ்சம் மெதுவாகச் செய்தாலும் பாதியில் கிளட்ச் கவ்வி முட்டியில் இடிக்கும். வித்தை பழக நினைப்பவர்கள் சாதாரண யோயோவே வாங்குங்கள்.

இரண்டாம் வருடம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டதில் கிளட்ச் வழுக்கி, யோயோ கீழேயே சுழன்று ஓய்ந்தது. கழற்றித் துடைக்கும்போது ஸ்பிரிங் ஒன்று தெறித்து ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தது. அந்தப் பூ வேலைப்பாட்டில் கம்பிச்சுருளை எங்கே தேடுவது? பட்டாலைக் கூடம் முழுக்கக் கூட்டி, குப்பையை முறத்தில் போட்டுக் கிளறித்தான் எடுத்தேன். அதன்பின் எண்ணெய் கிடையாது, பருத்தித் துணி மட்டும்.

ஓயாத செலவு நூல்தான். கண்டாங்கி நெய்யும் வீட்டில் மீந்த பருத்தி இழைகளை வாங்கி, முறுக்கி, இரண்டாய் மடித்து மறுபடி முறுக்கவிட்டுப் பார்த்தேன். விரலுக்கு இதமாக இருந்தது. மூன்றாம் நாள் அறுந்து, யோயோ முற்றத்து அண்டாவுக்குள் போய் விழுந்தது. இப்போது கடை நூல்தான், தொப்புள் உயரத்துக்கு வெட்டி மாதம் ஒன்று. கண்டாங்கி இழையில் இன்னும் ஒரு கண்டு மிச்சம் இருக்கிறது; அடுத்த முறை இழையைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.