கேஸ் பில் கணக்கை நானே போட்டுப் பார்க்கும் அனுபவம்

லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டில் வெந்நீருக்கும் ரேடியேட்டருக்கும் கேஸ் பாய்லர், சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு. கேஸ், கரண்ட் இரண்டுக்கும் பில் கிலோவாட் மணியில்தான் வருகிறது. ஆனால் கேஸ் மீட்டரில் ஓடுவது கன மீட்டர். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கணக்கைப் பல வருடமாக நானே போட்டுப் பார்த்து வருகிறேன். இங்கே புதிதாகக் குடிவரும் நம் ஆட்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மாத ரீடிங்கிலிருந்து போன மாத ரீடிங்கைக் கழித்து, வருவதை 1.02264ஆல் பெருக்க வேண்டும். வெப்பநிலை, அழுத்தத்துக்கு ஏற்ப கேஸின் கன அளவு மாறும் என்பதற்கான திருத்தம் இது. அடுத்து கலோரி மதிப்பால் பெருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் எத்தனை மெகாஜூல் வெப்பம் கிடைக்கும் என்பதுதான் அந்த மதிப்பு. பில்லிலேயே இருக்கும், பெரும்பாலும் 39ஐ ஒட்டி வரும். கடைசியாக 3.6ஆல் வகுக்க வேண்டும், ஒரு கிலோவாட் மணிக்கு 3.6 மெகாஜூல் என்பதால். கலோரி மதிப்பு 39.5 என்று வைத்தால் 100 கன மீட்டருக்கு 1,122 கிலோவாட் மணி.

பழைய மீட்டர்கள் நூறு நூறு கன அடியாக எண்ணும். அந்த ரீடிங்கை முதலில் 2.83ஆல் பெருக்கிக் கன மீட்டராக்க வேண்டும். உறவினர் ஒருவரின் வாடகை வீட்டில் இருந்தது கன மீட்டர் வகை. கம்பெனி அதைக் கன அடி என்று பதிந்திருந்தது. பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மீட்டர் முகப்பைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் சரிசெய்தார்கள். வீடு மாறியதும் முதலில் பார்க்க வேண்டியது அந்த முகப்பைத்தான்.

செய்திகளில் கேஸின் மொத்தச் சந்தை விலை தெர்ம் என்ற வெப்ப அலகில் வரும். ஒரு தெர்ம் என்பது சுமார் 29.3 கிலோவாட் மணி. அதனால் அந்த விலையை 29.3ஆல் வகுத்தால் போதும்: தெர்ம் 88 பென்ஸ் என்றால் கிலோவாட் மணிக்கு 3 பென்ஸ்.

எனக்கு அதிகம் உதவிய விஷயம் வேறு. பில்லில் உள்ள கிலோவாட் மணி, வீட்டுக்குள் வந்த கேஸின் அளவு. நமக்குக் கிடைத்த வெப்பத்தின் அளவு அல்ல. புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் நல்ல கன்டென்சிங் பாய்லரிலேயே சுமார் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் 55 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்த நீராவி சரியாகக் குளிராது, இன்னும் வீணாகும். அதனால் பாய்லரிலிருந்து போகும் நீரின் சூட்டைக் குறைத்து வைத்திருக்கிறோம். அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.

வெளியிலுள்ள வெப்பத்தைக் கரண்டின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்புக்கு மாறலாமா என்று யோசித்தபோதும் இந்தக் கணக்குதான் கைகொடுத்தது. கரண்ட் விலை கேஸைவிட நான்கு மடங்கு, பாய்லர் திறன் 90 சதவீதம் என்றால், செலவு கூடாமல் இருக்க ஒரு கிலோவாட் மணி கரண்டுக்கு ஹீட் பம்ப் குறைந்தது 3.6 கிலோவாட் மணி வெப்பம் தர வேண்டும். கேஸ் இணைப்பையே எடுத்துவிட்டால் அதன் தினக் கட்டணம் மிச்சமாகும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த மதிப்பீடு 3தான். சுவர்களுக்கு இன்சுலேஷன் போட்டபின் மறுபடி கேட்கப் போகிறோம்.