பழைய எக்ஸ்போ, புதிய பிட்ஸ் எயார்: அம்மாவுடன் சென்னைக்கு

பிட்ஸ் எயாரில் சென்னைக்குப் போகிறோம் என்றதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அது யாருடைய பிளேன்?" பழைய எக்ஸ்போ எயார்தான், பெயர் மாறியிருக்கிறது என்றேன். "அப்படியென்றால் சரி" என்று மருந்துப் பையை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த நம்பிக்கை 2007இல் எக்ஸ்போ எயாரில் பறந்தபோது வந்தது. முந்திய ஆண்டு ஆகஸ்டில், போரினால், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி முகமாலையில் மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கப்பல், இல்லாவிட்டால் விமானம். அம்மாவுக்கோ கண் சத்திரசிகிச்சை. பாதுகாப்பு அனுமதிக்கு அலைந்ததையும், பலாலி விமான நிலையத்தில் பனங்கட்டிக் குட்டானைக்கூட அவிழ்த்துப் பார்த்ததையும் இன்றும் கதையாகச் சொல்வார். 1998இல் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டதை எங்கள் ஊரில் யார் மறந்தார்கள்? கொழும்புக்கு அருகே இரத்மலானையில் சக்கரம் தரை தொடும்வரை அம்மா நல்லூரானை விடவில்லை.

எக்ஸ்போ எயார், எக்ஸ்போலங்கா குழுமம் 1997இல் தொடங்கிய நிறுவனம். சரக்கும் வாடகைப் பறப்புகளும்தான் அடித்தளம்; பயணிகள் பிறகு. 2022 அக்டோபரில் துபாய்க்கு எயார்பஸ் ஏ320 விட்டார்கள். நாடு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது! துணிச்சலா, சரக்குக்காரரின் கணக்கா என்று எனக்குத் தெரியாது, இரண்டும் இருந்திருக்கும்.

எங்கள் பயணத்தில் ஒரே தலைவலி வெள்ளவத்தை முகவர். அம்மாவின் தந்தை பெயரையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றிப் பதிந்துவிட்டார். திருத்தக் கட்டணமும் என் தலையில். டிக்கெட் வந்த அன்றே பெயரைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மற்றபடி குறையில்லை. கட்டுநாயக்கவில் சக்கர நாற்காலி கேட்டதும் வந்தது. அதைத் தள்ளிவந்த பையன் அம்மாவின் கைப்பையைத் தானே மடியில் வைத்துக் கொடுத்தான். புறப்பாடும் சொன்ன நேரத்துக்கே. ஆடம்பரத்தை எதிர்பார்த்து ஏறாதீர்கள். ஒன்றேகால் மணி நேரப் பறப்புக்கு எனக்கு அது தேவைப்படவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் பலாலியிலிருந்தே நேரே சென்னைக்குப் போகலாம். கொழும்பில் இருக்கும் எங்களுக்கு இதுதான் தோது.

ஜன்னலோரம் அம்மா. மேகம் விலகியபோது கீழே கடல்நீரேரியும் மணல்திட்டுகளும் தெரிந்தன. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஊருக்கு மேலாலேயே போகிறோம் பிள்ளை. இறக்கிவிடுவார்களா என்று கேள்."