லீ-என்ஃபீல்டா, மவுசரா?

இரண்டும் போல்ட்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் உலோகத் தண்டை, கையால் இழுத்துத் தள்ளும் பழைய ராணுவ ரைஃபிள்கள்தான். 1898இல் ஜெர்மனி ஏற்ற மவுசரும், 1907இல் பிரிட்டன் ஏற்ற லீ-என்ஃபீல்டு மார்க் 3ம் கையில் தரும் உணர்வு வேறு.

வித்தியாசம் போல்ட்டில் இருக்கிறது. சுடும்போது போல்ட் பின்னுக்கு நகராமல் பிடித்துக்கொள்ளும் புடைப்புகளே பூட்டு முனைகள். மவுசரின் முக்கியப் பூட்டு முனைகள் இரண்டும் முன்புறம், தோட்டா வெடிக்கும் அறைக்கு அருகிலேயே உள்ளன. ஆபத்துக்கு உதவ மூன்றாவதாக ஒன்று பின்னால் உண்டு. அழுத்தத்தைத் தாங்குவதில் இந்த அமைப்பே மேல். பின்னால் வந்த எத்தனையோ வேட்டை ரைஃபிள்கள் இதைப் பின்பற்றியது நியாயமே.

லீ-என்ஃபீல்டின் பூட்டு முனைகள் பின்புறம் உள்ளன. அதனால் போல்ட் பின்னுக்கு நகரும் தூரம் குறைவு. கைப்பிடியை ஏறக்குறைய 60 பாகை உயர்த்தினால் போதும், மவுசருக்கு 90. மவுசர், போல்ட்டைத் திறக்கும்போதே தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசியின் சுருள்வில்லை இறுக்குகிறது. லீ-என்ஃபீல்டு மூடும்போது இறுக்குகிறது. மவுசருக்கு ஐந்து தோட்டா, இதற்குப் பத்து. வேகம் என்றால் என் தேர்வு தயக்கமின்றி லீ-என்ஃபீல்டுதான்.

ஆனால் அதன் .303 அங்குலத் தோட்டாவின் அடியில் விளிம்பு புடைத்திருக்கும். அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் சிக்கிக்கொள்ளும். மவுசரில் அந்தத் தொல்லை இல்லை.

எதைக் கையாண்டாலும் முதலில் போல்ட்டைத் திறந்து, அறையும் தோட்டாப் பெட்டியும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். போல்ட்டில் பொறித்த வரிசை எண்ணும் உடற்பகுதியின் எண்ணும் பொருந்தவில்லையென்றால், துப்பாக்கி வல்லுநர் சோதிக்கும்வரை சுடவே கூடாது.