மேஜிக்கா, யூ-கி-ஓவா: சண்டை நடுவே எந்தக் கார்டை எப்போது போடலாம்?

மந்திரவாதிகளும் டிராகன்களும் மோதும் கார்டு விளையாட்டுகளில் எதைப் பழகலாம் என்று யோசிப்பவர்கள் படத்தையும் விலையையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதில் தப்பேதும் இல்லை. ஆனால் நாலைந்து ஆட்டம் முடிந்த பிறகு மேஜையில் கிளம்பும் சச்சரவு வேறு மாதிரி. "இந்த இடத்துல இந்தக் கார்டைப் போட முடியுமா, முடியாதா?" பெரும்பாலும் இந்தக் கேள்வி சண்டை நடக்கும்போதுதான் வரும். இரண்டையும் ஆடிவிட்டு மேஜிக்கிலேயே தங்கிவிட்டவன் நான். அதனால் கீழே எழுதியிருப்பதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பொது விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். மேஜிக்: த கேதரிங், ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993-ல் வெளிவந்தது. ஆளுக்கு 20 உயிர். யூ-கி-ஓ கார்டு ஆட்டத்தை கோனாமி 1999-ல் ஜப்பானில் வெளியிட்டது. அதில் ஆளுக்கு 8000 உயிர்ப் புள்ளி. யூ-கி-ஓவில் எதிராளியின் எந்த மான்ஸ்டரைத் தாக்குவது என்பதை அடிப்பவரே தேர்ந்தெடுப்பார். மேஜிக்கில் தாக்குதல் ஆளை நோக்கிப் போகும். எந்தக் கிரியேச்சரை (சண்டையிடும் உயிரினக் கார்டை) விட்டு மறிப்பது, மறிக்காமலே விடுவதா என்பதெல்லாம் எதிராளியின் முடிவு. மற்றபடி கடைசியாகப் போட்டது முதலில் நடக்கும் என்ற விதி இரண்டிலும் உண்டு. யூ-கி-ஓவில் அதற்குச் செயின் என்று பெயர், மேஜிக்கில் ஸ்டாக், அதாவது போட்ட கார்டுகள் நிறைவேறக் காத்திருக்கும் அடுக்கு.

மேஜிக்கின் சண்டையில் ஐந்து படிகள்: சண்டை தொடங்குவது, தாக்குபவர்களை அறிவிப்பது, மறிப்பவர்களை அறிவிப்பது, சேதம் விழுவது, சண்டை முடிவது. ஒவ்வொரு படியிலும் முதலில் நடக்க வேண்டியது நடக்கும். பிறகு இருவருக்கும், யாருடைய முறையோ அவரில் தொடங்கி, கார்டு போட ஒரு வாய்ப்பு. இதைத்தான் பிரையாரிட்டி என்கிறார்கள். இருவரும் அடுத்தடுத்து வேண்டாம் என்றால், ஸ்டாக்கில் மேலே இருப்பது நிறைவேறும். ஸ்டாக் காலி என்றால் ஆட்டம் அடுத்த படிக்கு நகரும். தாக்குகிறேன், மறிக்கிறேன் என்று அறிவிப்பது ஸ்டாக்குக்கே போகாது, அதனால் அந்த அறிவிப்புக்குக் குறுக்கே யாரும் கார்டு போட முடியாது. ஒரு காரியத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிவிட வேண்டும், பஸ் அதைத் தாண்டிய பிறகு மணி அடித்துப் பயனில்லை.

எதிராளியின் கிரியேச்சர் தாக்கவே கூடாது என்றால் சண்டை தொடங்கும் படியிலேயே அதை டேப் செய்துவிட வேண்டும், அதாவது பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட வேண்டும். அவர் மறிக்கப் பயன்படுத்தக்கூடிய ஒன்றை ஒழிக்க வேண்டுமென்றால், தாக்குபவர்களை அறிவித்த பிறகு கிடைக்கும் வாய்ப்புதான் கடைசி. மறித்த பின் அந்த மறிப்பவரைக் கொன்றாலும் உங்கள் கிரியேச்சர் 'மறிக்கப்பட்டது'தான். டிராம்பிள் (மிஞ்சிய சேதத்தை எதிராளிக்கே அனுப்பும் திறன்) இல்லையென்றால் எதிராளிக்கு ஒரு சேதமும் போகாது. புதிதாக வருபவர்கள் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். மறிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்று எடுத்துச் சொன்னால் ஒருவழியாகச் சமாதானம் ஆவார்கள்.

'ஜயண்ட் க்ரோத்' கார்டை வைத்தே பாதிப் பாடத்தை நடத்திவிடலாம். ஒரு பச்சை மானாவுக்கு (கார்டு போடக் கட்டும் சக்தி) +3/+3, அந்த முறை முடியும் வரை. முதல் எண் கிரியேச்சர் தரும் சேதம், இரண்டாவது எண் அது சாவதற்கு வேண்டிய சேதம். என் 3/3 தாக்குகிறது, எதிரில் ஒரு 4/4 நிற்கிறது. மறிப்பதற்கு முன்பே அதைப் போட்டால் எதிராளி மறிக்காமல் 6 சேதத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். மறித்த பிறகு போட்டால் அவருடைய 4/4 காலி, என்னுடையது பிழைத்துக்கொள்ளும். அதே நேரத்தில் அவர் கையில் 3 சேதம் தரும் 'லைட்னிங் போல்ட்' இருந்தால், நான் க்ரோத் போட்டவுடன் அதற்கு எதிர்வினையாகப் போல்ட்டைப் போடுவார். போல்ட் முதலில் நிறைவேறும். 3/3 சாகும், க்ரோத் வீண். அவர் முந்திக்கொண்டு போல்ட் போட்டு நான் க்ரோத்தால் பதில் சொன்னால் க்ரோத் முதலில் நிறைவேறும், போல்ட்டால் மட்டும் என் கிரியேச்சரைக் கொல்ல முடியாது. இதில் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஒரே விதியிலிருந்து யோசித்தே எடுத்துவிடலாம். ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் (முந்திச் சேதம் போடும் திறன்) வந்தாலும் சேதப் படி ஒன்று கூடுதலாக வருகிறது, அவ்வளவுதான். அந்த இரண்டு படிகளுக்கு நடுவிலும் இருவருக்கும் வாய்ப்பு உண்டு.

யூ-கி-ஓவில் பேட்டில் ஃபேஸ் எனும் சண்டைக் கட்டம் பார்க்க இன்னும் எளிமை. தாக்குதலை அறிவித்தவுடன் 'மிரர் ஃபோர்ஸ்' போன்ற டிராப்பை (கவிழ்த்து வைத்த பொறிக் கார்டை) திறந்து எதிராளியின் தாக்கும் நிலை மான்ஸ்டர்களை மொத்தமாக அழிக்கலாம். இதைச் சிறுபிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். சிக்கல் அடுத்து வரும் டேமேஜ் ஸ்டெப்பில், அதாவது சேதத்தைக் கணக்கிடும் படியில் இருக்கிறது. அதற்குள்ளேயே ஐந்து உட்பிரிவுகள்: தொடக்கம், கணக்கிடுவதற்கு முன், கணக்கிடும்போது, கணக்கிட்ட பின், முடிவு. இந்த ஸ்டெப்பில் எல்லாக் கார்டுக்கும் அனுமதி கிடையாது. தாக்குதல், தற்காப்பு எண்களை மாற்றுபவை, கவுண்டர் டிராப், கட்டாயம் நடந்தே தீர வேண்டிய விளைவுகள், இன்னொன்றின் செயலை ரத்து செய்பவை, இங்கே போடலாம் என்று தன் எழுத்திலேயே சொல்பவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 'மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன்' சாதாரணமாக யாருடைய முறையிலும் போடக்கூடியது, டேமேஜ் ஸ்டெப்பில் மட்டும் கூடாது. 'ஆனஸ்ட்' கையிலிருந்து வந்து உங்கள் ஒளி வகை மான்ஸ்டருக்கு எதிரியின் தாக்குதல் எண்ணையே கூட்டிக் கொடுக்கும், ஆனால் கணக்கிடத் தொடங்குவதற்கு முன்பே போட்டாக வேண்டும். 'குரிபோ' கணக்கிடும்போது மட்டும். கவிழ்த்து வைத்த மான்ஸ்டர் கணக்குக்கு முன்பே நிமிர்ந்துவிடும், அதன் ஃபிளிப் விளைவு கணக்குக்குப் பிறகுதான் வரும்.

ஏன் என்று கேட்டால் விதிப்புத்தகம் அப்படி, அவ்வளவுதான். இந்த விதிகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. 2500 உள்ள மான்ஸ்டர் உங்கள் 1600 மேல் பாய, நீங்கள் ஆனஸ்ட்டை எடுத்து 4100 என்று சொல்லும் கணத்துக்கு நிகரான ஒன்று மேஜிக்கில் இல்லை. மானா கட்ட வேண்டாம், களத்தில் எந்த அறிகுறியும் தெரியாது, கையிலிருந்து நேராக வந்து விழும். திருப்பமும் வேகமும்தான் வேண்டும் என்பவர்களுக்கு யூ-கி-ஓதான் பொருத்தம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கார்டுகளின் பராமரிப்பு இல்லை, தலைக்குள் இருக்கும் விதிகளின் பராமரிப்பு. வேலை, வீடு என்று இருப்பவர்கள் வாராவாரம் ஆடுவதில்லை. சில மாதம் விட்டுப்போகும், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறப்போம். மேஜிக்கில் பிரையாரிட்டி ஒன்று நினைவில் இருந்தால் மீதியை மேஜையிலேயே கட்டி எழுப்பிவிடலாம். யூ-கி-ஓவில் அந்தப் பட்டியலில் ஒரு வரி மறந்தாலும் விதிப்புத்தகத்தைப் புரட்டத்தான் வேண்டும். அதோடு 'நடக்கும்போது செய்யலாம்' என்று எழுதிய கார்டுக்கும் 'நடந்தால் செய்யலாம்' என்று எழுதிய கார்டுக்கும் வித்தியாசம் உண்டு. முதல் வகையில் கடைசியாக நடந்தது வேறொன்று என்றால் வாய்ப்பு தவறிவிடும். இரண்டு பேரும் அரைகுறையாக நினைவு வைத்திருக்கும்போது யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் பக்கம் விதி சாய்கிறது.

மேஜிக்கும் அப்பழுக்கற்றது இல்லை, அங்கே அடித்தளத்தையே அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஸ்டாக்கே 1999-ல், ஆறாம் பதிப்போடுதான் வந்தது. அப்போது சண்டைச் சேதமும் ஸ்டாக்கில் ஏறும். 1/1 'மாக் ஃபனாட்டிக்' ஒரு 2/2-ஐ மறித்து, தன் 1 சேதத்தை ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு, சாவதற்கு முன் தன்னையே பலிகொடுத்து இன்னொரு 1 சேதம் போட்டு அதையும் கூட்டிக்கொண்டு போகும். 2009-ல் அதை எடுத்துவிட்டார்கள். பலிகொடுத்தால் சண்டைச் சேதம் இல்லை. அதோடு, இரண்டு பேர் மறித்தால் யாருக்கு முதலில் சேதம் என்ற வரிசையையும் கொண்டுவந்தார்கள். 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்போடு அந்த வரிசையும் போய்விட்டது. என் 5/5-ஐ ஒரு 3/3-யும் ஒரு 2/2-யும் சேர்ந்து மறிக்க, வரிசையில் முதலில் நிற்கும் 3/3 மேல் எதிராளி க்ரோத் போட்டால், முன்பு என் 5 சேதமும் அதிலேயே முடங்கும், இரண்டில் ஒன்றும் சாகாது. இப்போது சேதம் விழும்போது பிரித்துக்கொள்ளலாம் என்பதால் 2/2-ஐ முடித்துவிடுவேன். மறிப்பவருக்கு இது நஷ்டம், பழைய ஆட்டக்காரர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. ஆனால் கவனியுங்கள், 2009-ல் சேர்த்த வரிசையும் போய், கடைசியில் விதி எளிமையானது, பட்டியல் நீளவில்லை.

செயலியில் மட்டும்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் நான் சொன்னதில் முக்கால்வாசி அடிபட்டுப்போகும். 2022-ல் வந்த யூ-கி-ஓ செயலியான மாஸ்டர் டூயல், அந்த நேரத்தில் எந்தக் கார்டைப் போட முடியுமோ அதை மட்டும் ஒளிரவைக்கும். டேமேஜ் ஸ்டெப் பட்டியல் உங்கள் தலைவலியே இல்லை. மேஜிக்கின் செயலியான அரீனாவில் நிலைமை நேர்மாறு. அவசியமில்லை என்று தனக்குப் படும் இடங்களில் அது தானாகவே வாய்ப்பைக் கடந்துபோய்விடும். சண்டை தொடங்கும் படியில் நிற்க வேண்டுமென்றால் அங்கே நீங்களே ஸ்டாப் (நிறுத்தக் குறி) வைக்க வேண்டும், இல்லையேல் எந்த வாய்ப்பையும் தானாகக் கடக்காத ஃபுல் கண்ட்ரோலைப் போட வேண்டும். திரையில் யூ-கி-ஓவுக்கே என் வாக்கு.

பெரிய போட்டிகளில், நடுவர் பக்கத்தில் நிற்கும்போது இந்தக் கணக்கு மாறலாம். நான் ஆடியதெல்லாம் நண்பர்கள் வீட்டு மேஜையில்தான், அதனால் அங்கே எது சௌகரியம் என்பதை அங்கே ஆடுபவர்களிடமே கேளுங்கள். வீட்டு மேஜைக்கு என்றால், ஆளுக்கு ஒரு மேஜிக் டெக், இரண்டிலும் நாலு இன்ஸ்டன்ட் கார்டு (க்ரோத், போல்ட் மாதிரி சண்டை நடுவிலும் போடக்கூடியவை), எதையும் தாண்டிவிடாமல் ஐந்து படிகளையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே எதிராளி உங்கள் க்ரோத்துக்கு எதிர்வினையாகப் போல்ட்டை நீட்டத் தொடங்கிவிடுவார்.