சமையலறைக்கு வாங்கிய பிளைவுட்: இரண்டு மழைக்காலத்தில் அடுக்கு விட்டுப்போனது

மதுரை காளவாசல் பக்கமுள்ள ஒரு கடையில், எங்கள் திருநகர் வீட்டுச் சமையலறை அலமாரிகளுக்காக 2022 ஆகஸ்டில் 19 மி.மீ. பிளைவுட் ஆறு பலகை வாங்கினோம். அளவு பிசகாமல் இருந்தது, சொன்ன நாளில் வீட்டில் இறக்கினார்கள், அதில் குறையில்லை. மெரைன் பலகை (ஈரத்தைத் தாங்கும் வகை) என்று வாயால் சொல்லி அதற்குரிய விலையை வாங்கிக்கொண்டவர்கள், பில்லில் 'பிளைவுட் 19 மி.மீ.' என்று மட்டும் எழுதியதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழை முடிந்தபோது சிங்க்கின் அடிப்பலகை ஓரத்தில் உப்பியது. அதற்கடுத்த மழைக்குப் பின் மைக்காவோடு மேல் அடுக்கு கையோடு வந்துவிட்டது. பிரிந்த இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்: எங்கும் மரநார் கிழியவில்லை, இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தன. பசை நன்றாகப் பிடித்திருந்தால் பசைக்கு முன்னால் மரம்தான் கிழிந்திருக்க வேண்டும். ஈரம் ஏறும்போது மரம் நாரின் குறுக்கே நன்றாக விரியும், நார் ஓடும் நீளத்தில் அநேகமாக விரியாது. பிளைவுட்டிலோ ஓர் அடுக்கின் நார் நெடுக்கே ஓடினால் அடுத்ததன் நார் குறுக்கே ஓடுவதால், ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் அந்தப் பாரம் முழுவதும் நடுவிலுள்ள பசையின் மேல்தான் விழுகிறது. ஈரம் மாறி மாறி ஏறி இறங்கும் இடத்தில், சாதாரணப் பலகைக்கு இடும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை தளர்ந்துவிடும். மெரைன் பலகைக்குரிய ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை தாங்கும். அது அறுத்த விளிம்பில் கரும்பழுப்புக் கோடாகத் தெரியும். எங்கள் பலகையில் அப்படி ஒரு கோடும் இல்லை.

பரணில் கிடந்த மிச்சத் துண்டை ஆசாரி சொன்னபடி கொதிநீரில் போட்டோம். மெரைன் பலகைக்கான ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலையில் 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனை உண்டு. இந்தத் துண்டு மூன்றாம் மணி நேரத்திலேயே விசிறிபோல விரிந்துவிட்டது. அதைக் கடையில் காட்டியபோது, "தண்ணி பட்டா எந்தப் பிளைவுட்டும் விடத்தாங்க செய்யும்" என்றார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. துணி அலமாரிக்குப் போதுமான பலகையைச் சிங்க்கின் அடிக்கு விற்றது அவர்கள் தவறு. அறுத்த விளிம்புகளை மூடாமல் விட்டது எங்கள் தவறு. தண்ணீர் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான்.

இப்போது வேறு கடையில் வாங்கிய பலகையின் துண்டை எட்டு மணி நேரம் கொதிக்கவிட்டோம். ஓரத்தில் நகம் நுழையவில்லை. பில்லில் ஐ.எஸ். 710 என்று எழுதிய பிறகே பணத்தைக் கொடுத்தோம்.