நியூ ஜெர்சியில் இரவு எட்டு, திருநகரில் எத்தனை மணி? ஐந்து வருட காலண்டர் அனுபவம்

மதுரை திருநகரில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணைய வழியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 2020 ஜூனில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரோடு தொடங்கியது. இப்போது லண்டன், டப்ளின், மெல்போர்ன், நியூ ஜெர்சி என்று பதினேழு பேர். எல்லாருடைய வகுப்பு நேரமும் கூகுள் காலண்டரில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் மட்டும் இருந்தவரை நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், வருடம் முழுக்க அதேதான். 2020 டிசம்பரில் நியூ ஜெர்சியிலிருந்து ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி சேர்ந்தாள். அவளுக்குச் சனிக்கிழமை இரவு 8, எனக்கு ஞாயிறு காலை 6.30. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

2021 மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன், மணி ஆறு ஆகப்போகிறது. சார்ஜில் கிடந்த போனில் நான்கு தவறிய அழைப்புகள். "டீச்சர், பாப்பா அரை மணி நேரமா நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, இன்னைக்கு வகுப்பு இல்லையா?" என்று அவள் அம்மாவின் குரல் செய்தி. நான் கூப்பிடுவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டாள். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

முந்தின ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடை நேரம். நம்மோடு பத்தரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் ஒன்பதரையாகக் குறைந்தது. நானோ வகுப்பை "ஞாயிறு காலை 6.30, இந்திய நேரம், வாராவாரம்" என்று பதிந்து வைத்திருந்தேன். காலண்டர் என் 6.30-ஐ விடாமல் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு இரவு 9 என்று சரியாகத்தான் காட்டியது. ஆனால் அந்த வீட்டில் வாராவாரம் காலண்டரைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள்? ஏழரைக்குச் சாப்பாடு, எட்டுக்குத் தமிழ், ஒன்பதுக்குத் தூக்கம். பிள்ளையின் பொழுது அவள் ஊர்க் கடிகாரத்தோடு போகிறது.

அதிலிருந்து ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன். இரண்டு ஊரில் எந்த ஊரின் கடிகாரம் நகருமோ, அந்த ஊர் நேரத்தில்தான் வகுப்பைப் பதிய வேண்டும். நம் கடிகாரம் நகர்வதே இல்லை, அதனால் அதில் பதிந்தால் மற்றவர்தான் அல்லாட வேண்டும். காலண்டரில் நிகழ்வைத் திறந்தால் நேரத்தின் பக்கத்திலேயே நேர மண்டலம் என்று சின்னதாக இருக்கும். அந்த மார்ச் வரை என் கண்ணில் அது படவே இல்லை. இப்போது அதில் நியூயார்க் நேரத்தை (நியூ ஜெர்சிக்கும் அதுதான்) தேர்ந்து, சனி இரவு 8 என்று போட்டு, வாராவாரம் திரும்ப வரச் செய்கிறேன். என் திரையில் குளிர்காலத்தில் ஞாயிறு 6.30, கோடையில் 5.30 என்று தானாக மாறிக்கொள்கிறது.

தேர்வு செய்யும்போது ஊர்ப் பெயரைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். முதல் வருடம் நான் வைத்திருந்த வேறொரு செயலியில் ஜிஎம்டி கழித்தல் ஐந்து, அதாவது கிரீன்விச் நேரத்துக்கு ஐந்து மணி நேரம் பின்னால், என்று வெறும் எண்கள்தான் இருந்தன. எண்ணுக்குக் கோடையும் தெரியாது, குளிரும் தெரியாது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் அந்த ஊரின் விதிகளே இருக்கின்றன. எந்த ஊரில் எந்த நாள் நேரம் மாறும் என்பதைத் தன்னார்வலர்கள் ஒரு தரவுத்தளத்தில் பல வருடங்களாகத் தொகுத்து வருகிறார்கள். பெரும்பாலான போன்களும் காலண்டர்களும் அதைப் பார்த்துத்தான் நடக்கின்றன. அதில் நம் நாட்டுக்குப் பெயர் ஏசியா, கொல்கத்தா.

சுருக்க எழுத்துகளையும் நான் விட்டுவிட்டேன். ஜூலை மாதத்திலும் பெற்றோர் "8 ஈஎஸ்டி" என்றுதான் வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். ஈஎஸ்டி என்பது அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம், கோடையில் அது ஈடிடி. டப்ளின் பையன் சேர்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. ஐஎஸ்டி என்றால் நமக்கு இந்திய நேரம், அயர்லாந்தில் அதுவே அவர்களுடைய கோடை நேரத்தின் பெயர். இப்போதெல்லாம் "மதுரை நேரம்", "டப்ளின் நேரம்" என்றே எழுதுகிறேன். ஒரு அப்பா, "நம்ம ஊருக்கு மட்டும் எதுக்கு டீச்சர் இந்த அரை மணி?" என்று கேட்டார். கிரீன்விச்சிலிருந்து கிழக்கே பதினைந்து பாகைத் தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம். இந்திய நேரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் போகும் 82.5 பாகைக் கோட்டை வைத்தது. வகுத்தால் ஐந்தரை வரும்.

ஊர் நேரத்தில் பதிந்தால் சிக்கலும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. லண்டன் பையனுக்கு ஞாயிறு காலை 10. குளிர்காலத்தில் எனக்கு அது மாலை 3.30, மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து 2.30. சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் மாலை 5 மணி வகுப்பும் எனக்கு 2.30. ஐந்து மாதம் நிம்மதி, ஆறாவது மாதம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று. ஆனால் இந்த மோதல் முன்கூட்டியே தெரியும். ஜனவரியிலேயே காலண்டரை ஏப்ரலுக்குத் தள்ளிப் பார்ப்பேன், இரண்டு கட்டங்களும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போதே பேசி லண்டனை 11 மணிக்கு மாற்றிவிட்டோம். மெல்போர்னுக்கு எல்லாம் தலைகீழ், அங்கே அக்டோபரில் முன்னே தள்ளி ஏப்ரலில் பின்னே இழுப்பார்கள். அவர்களின் மாலை 4 மணி எனக்குச் சில மாதம் 10.30, சில மாதம் 11.30.

லண்டன் அண்ணனும் நியூ ஜெர்சித் தங்கையும் சேர்ந்து படிக்கும் சனிக்கிழமை வகுப்பு ஒன்று இருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். லண்டன் மதியம் 2 என்று பதிந்திருக்கிறேன், தங்கைக்கு அது காலை 9. அமெரிக்கா மாறி லண்டன் மாறாத வாரங்கள் மார்ச்சில் இரண்டு மூன்றும், லண்டன் மாறி அமெரிக்கா மாறாத வாரம் அக்டோபர் கடைசியில் ஒன்றும் வரும். அப்போது மட்டும் அவளுக்கு 10. இதற்குக் காலண்டரில் மருந்து இல்லை, இரண்டு கடிகாரமும் வெவ்வேறு நாளில் நகர்கின்றன. அந்த வாரங்களுக்கு முன் அவள் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

விடுமுறையை வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். 2025 மே 12 விடிகாலை அழகர் ஆற்றில் இறங்கினார். "12ஆம் தேதி வகுப்பு இல்லை" என்று எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, வைகைக் கரையில் கூட்டத்தோடு நிற்கிறேன். போன் அதிர்கிறது. நியூ ஜெர்சியில் அப்போது 11ஆம் தேதி ஞாயிறு இரவு, திங்கள் காலை வகுப்புப் பிள்ளை ஒழுங்காக வந்து காத்திருந்தாள். அவர்கள் மேல் என்ன தப்பு? நான் சொன்ன தேதி என் ஊர்த் தேதி. இப்போது காலண்டரிலேயே அந்த ஒரு வகுப்பை மட்டும் நீக்குகிறேன், அவரவர் ஊர்த் தேதியில் அவரவருக்கு அழிகிறது. பிறந்தநாளை மட்டும் முழுநாள் நிகழ்வாகப் போடுவேன், அதற்கு நேர மண்டலம் கிடையாது, எந்த ஊரிலும் அதே தேதிதான்.

கணினியில் வார அட்டவணையின் ஓரத்தில் இரண்டாவது ஊரின் நேரத்தையும் ஓட விடலாம். நான் நியூயார்க்கை வைத்திருக்கிறேன். ஒருவரோடு பேசி நேரம் முடிவு செய்ய அந்த ஒரு பத்தி போதும், விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

அந்த முதல் நியூ ஜெர்சிப் பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது. கட்டுரை எழுதுகிறாள். அவளுக்கு இன்றைக்கும் சனி இரவு எட்டுதான். கோடை மாதங்களில் நான் நாலரைக்கே எழுந்து கோலத்தை முடித்துவிடுகிறேன்.